இருபத்துமூன்றாம் ஃப்ரேம்

இப்போது உன் செல்லக் கேமரா எது என்று
கேட்டவன் தயாபரன் மூட்லி.
பதில் அவனுக்கு வேண்டாம்.
தன்னுடையதைச் சொல்ல ஒரு வாசல் வேண்டும்.

டர்பன், கிரே தெரு ஆர்கேடு.
ரிப்பேர்க்கடை முன்னால் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்.
தெருவுக்குப் பெயர் மாற்றி வருடங்களாயிற்று,
எங்கள் வாய்க்கு இன்னும் மாறவில்லை.

தயாபரன் மடியில் புது சோனி.
கண்ணைத் தேடிப் பிடிக்குமாம்,
மணப்பெண் தலை குனிந்தாலும் விடாதாம்.
"மாமியார்கூட இப்படிப் பார்த்ததில்லை" என்றான்.
பெகானிக்கு ஃபியூஜி. பொம்மை மாதிரி இருப்பதால்
டாக்ஸி ஸ்டாண்டில் யாரும்
முகத்தை மாற்றிக்கொள்வதில்லையாம்.
ருக்சானா தன் ரோலிஃப்ளெக்ஸின் மூடியைத் திறந்து
எல்லோரையும் ஒருமுறை குனிந்து பார்த்து
மூடிவிட்டாள்.
பன்னிரண்டு படம்தான் ஒரு சுருளுக்கு.
எங்களுக்கென்று ஒன்றைச் செலவழிக்க மாட்டாள்.

என் முறை வந்தது.
நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன்.

போன ஏப்ரல், ஒரு ஞாயிறு.
வெருலத்தில் இரவெல்லாம் கல்யாணம்,
விடிந்ததும் தூக்கம் வராமல்
வார்விக் மேம்பாலத்துக்குப் போனேன்.
மருந்துப்பட்டை விற்கும் பெண்கள்
அப்போதுதான் மூட்டை பிரித்தார்கள்.
ஒரு தோளில் கேனன், அது சோறு போடுவது.
மறு தோளில் பென்டாக்ஸ், அது சும்மா.
கேனன் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன்.
டேப்பைப் பார்த்தே விலை கண்டுபிடித்துவிட்டான் போல.

காவலாளிச் சட்டை போட்டிருந்தான்.
கத்தி சின்னதுதான்,
மாம்பழம் நறுக்குகிற அளவு.
கேனனைக் கொடுத்தேன்.
எண்ணூறு படம் அதற்குள்.
ஆனால் இரண்டாவது கார்டு என் பிராவுக்குள் இருந்தது;
இருபத்திரண்டு வருடத் தொழில்
அதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பிறகு பென்டாக்ஸை வாங்கினான்.
முதுகைத் திருப்பிப் பார்த்தான். வெறும் கறுப்பு.
மறுபடி திருப்பினான்.
"ஸ்க்ரீன் எங்கே?"
இல்லை என்றேன்.
நம்பவில்லை. கண்ணில் வைத்து
என்னைப் பார்த்தான்.
விரல் எங்கோ பட்டது.
டக்.
கத்தி வைத்திருந்தவன்
அந்தச் சத்தத்துக்குத் துள்ளிவிட்டான்.
"ஆன்ட்டி, இது ரிப்பேர்" என்று
வாரை என் கழுத்தில் அவனே மாட்டிவிட்டுப் போனான்.

ஸ்டேஷனில் கேட்டார்கள்,
ஆளைப் படம் எடுத்தீர்களா என்று.
இல்லை, ஆள்தான் என்னை எடுத்தான் என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தி
இதை எப்படி எழுதுவது என்று
பக்கத்து மேசையைப் பார்த்தாள்.

மூன்று வாரம் சுருளைத் தொடவில்லை.
பிறகு ஒரு மாலை, குளியலறையில்,
பிரிண்டை டெவலப்பரில் போட்ட நேரம்
தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று.
சிவப்பு விளக்கும் போயிற்று.
ஃபிலிமுக்குக் கரண்ட் வேண்டாம் என்று
மேடை போட்டுப் பேசியவள் நான்.
இருட்டில் தட்டை ஆட்டிக்கொண்டு
ஒன்று, இரண்டு என்று தொண்ணூறு வரை எண்ணி
தடவித் தடவி அடுத்த தட்டுக்கு மாற்றினேன்.
இரண்டு மணி நேரம்.
நீருக்குள் ஏதோ ஒரு முகம் இருக்கிறது
என்பது மட்டும் தெரியும்.

வெளிச்சம் வந்தது.
ஃபோகஸ் என்மேல் இல்லை,
பின்னால் தொங்கும் பட்டைக் கட்டின்மேல்.
பாதி பஸ். கோணலான பாலம்.
நடுவில் ஒருத்தி,
கொண்டை அவிழ்ந்து, வாய் சற்றே திறந்து,
நேற்றைய கல்யாணத்து மையோடு.
எத்தனையோ மண்டபங்களில்
எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னவள்.
என்னை இப்படி ஒருவரும் எடுத்ததில்லை.
என்னை ஒருவரும் எடுத்ததேயில்லை.

"கோகிலா, உன்னைத்தான் கேட்கிறேன்" என்றான் தயாபரன்.

பென்டாக்ஸ் என்றேன்.
சிரித்தார்கள். காலேஜ் பிள்ளைகள்
பழகுகிற கேமரா அது.
ஏன் அது, என்றாள் ருக்சானா, சிரிக்காமல்.

ஸ்க்ரீன் இல்லை, என்றேன்.