மூன்றாவது படம்

அர்ஹாங்கெல்ஸ்கில் அன்று மழை
விழும்போதே உறைந்துகொண்டிருந்தது.
விடிவதற்குள் பதினொரு மணிக்கட்டுகள்.

எல்லாம் ஒரே மாதிரி.
கட்டைவிரல் பக்கத்து எலும்பு, கை தொடங்குமிடத்தில் நொறுங்கி,
பக்கவாட்டில் பார்த்தால்
கவிழ்த்து வைத்த முள்கரண்டி.
விழுகிறவர் தரையைப் பிடிக்கப் பார்க்கிறார்;
தரை பிடிகொடுப்பதில்லை.

தபால்காரர் சவேலிக்குக் காறை எலும்பு.
பை தொங்கும் தோளிலேயே.
டீஹன் என்ற பையனுக்கு
முருங்கைக் குச்சியை வளைத்தாற்போல்
ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் விடாமல்...
இல்லை, முருங்கை இங்கே ஏது,
பச்சை வில்லோக் குச்சி.
அடுத்த வருடம் தேடினாலும் முறிந்த இடம் கிடைக்காது
என்றேன் அவன் அம்மாவிடம்.
அவள் நம்பவில்லை.
துறைமுகத்துக் கிரேன் ஓட்டியவரின் வலது கால்
இரண்டு விரற்கடை குட்டையாகி
பாதம் வெளியே திரும்பிக் கிடந்தது.
தொடை எலும்பின் கழுத்து.
படம் எடுக்காமலே தெரியும்.
எடுத்தேன்.

பதினொன்றரைக்கு அக்லாயா.
“விழுந்துவிட்டாள்” என்றார் கணவர்.
அவள் கைப்பை அவரிடம் இருந்தது.
அவள் பெயரையும் அவரே சொன்னார்.

இரண்டு படங்கள்.
கட்டைவிரல் பக்கம் ஒரு கீறலில்லை.
சுண்டுவிரல் பக்கத்து எலும்பு,
நட்ட நடுவில்,
குறுக்கே ஒரே வெட்டு.

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
என் கையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தேன்.
ஆமாம், அந்த விளிம்புதான்
முதலில் எதிர்கொள்ளும்.
அதற்குச் சற்று மேலே ஒரு பழைய முடிச்சு.
அவசரக் கொத்தனார் பூசிய சுவர்போல
எலும்பு தன் விரிசலை
வேண்டியதற்கு மேலேயே பூசியிருந்தது.

கதவைத் திறந்து,
“அசைந்துவிட்டார், இன்னொன்று எடுக்கணும்” என்றேன்.
“நானும் உள்ளே இருக்கிறேன்.”
“கதிர்வீச்சு” என்றேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
அந்தச் சொல்லை இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.
ஈயத்தகடு பதித்த கதவு
கனமாக மூடிக்கொண்டது.
வெளியே சிவப்பு விளக்கு.

இயந்திரத்தை நான் தொடவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தெரியாத ஊரின் வரைபடத்தில்
சொந்தத் தெருவைக் கண்டவள்போல.
“இதில் தெரியுமா?”
“தெரிகிறது.”
“அந்த மேலே இருப்பது? அதற்குத் தேதி?”
“தேதி எலும்பில் இருக்காது. பழசு என்று மட்டும் சொல்லலாம்.”

கொஞ்ச நேரம் குளிர்ப்பதனியின் இரைச்சல்.

“மார்ச்” என்றாள்.

என் கைபேசியைக் கொடுத்தேன்.
இடது கையால் எண்களை மெதுவாக அழுத்தினாள்,
தப்பு, மறுபடி முதலிலிருந்து.
செவெரத்வின்ஸ்கில் அக்கா எடுத்தாள்.
பிறகு நான் மருத்துவரை உள்வழியாக அழைத்தேன்.

விளக்கு இன்னும் சிவப்பாகவே எரிந்தது.
கதவை ஒருமுறை தட்டினார்.
பன்னிரண்டாவது மணிக்கட்டு
நடைவழியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் ‘மூன்று படங்கள்’ என்று எழுதி
ஃபாயினா என்று கையெழுத்திட்டேன்.
மூன்றாவது எங்கே என்று யாராவது கேட்டால்
விழவில்லை என்பேன்.