பத்து மீட்டர்

எண்பது லட்சம் கண் வைத்த வலை அது.
கண்ணுக்கு நான்கு எண்கள்:
வெப்பம், அழுத்தம், நீர் எவ்வளவு, பனி எவ்வளவு.
ஸ்டுட்கார்ட்டில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்தில்
ஆறாயிரம் கோர்கள் மூன்று இரவு கண்விழித்து
அதை முடைந்தன.
நான் வீட்டில் பல் துலக்கிக்கொண்டே
போனில் பார்ப்பேன்:
ஓடுகிறது.
ஓடுகிறது.
இன்னும் ஓடுகிறது.

கணக்கு ஒன்றுதான்.
மெல்லிய ஒரு தகடு.
ஹைட்ரஜன் இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம்.
எரிபொருள் என்று பெயர், எரிவது எதுவுமில்லை.
மின்சாரம் வரும், கூடவே நீர் பிறக்கும்.
மைனஸ் முப்பதில் பிறக்கும் நீர்
பிறந்த இடத்திலேயே கல்லாகி
காற்று வரும் துளையை அடைக்கும்.
அதற்குள் தகடு சூடேறிவிட்டால் கார் கிளம்பும்.
பனி முந்திக்கொண்டால்
தான் பெற்றதே தன் தொண்டையை நெரிக்க
கிடந்த இடத்தில் கிடக்கும்.

பதினெட்டு நொடி போதும் என்றது வலை.
நூற்றிருபது முறை ஓட்டினோம்,
ஒருமுறைகூடப் பத்தொன்பதைத் தாண்டவில்லை.
ஓர்ட்ருன் பிளம் கேக் வாங்கிவந்தாள்.

பிப்ரவரியில் ஆர்யெப்லூக்.
ஏரியின்மேல் கார் ஓட்டுகிற ஊர்.
ஒன்றரை முழப் பனிக்கட்டி, அதன்மேல் நாங்கள்,
அடியில் மீன்கள்.
கரையோரம் மாரெத் என்ற பெண் துளையிட்டு
வலையை இழுத்துக்கொண்டிருந்தாள்,
விரல்கள் வேகவைத்ததுபோல் சிவந்திருந்தன.
கண் இவ்வளவு பெரிதா என்றேன்.
"குஞ்சு போகட்டும் என்றுதான்" என்றாள்.
எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.
வேறு எல்லாம் உறைந்திருந்தது.

காலை ஐந்தரை, மைனஸ் முப்பத்தொன்று.
டெஸ்ட் டிரைவர் டோர்கெல் ரென்மார்க்
கையுறையைக் கழற்றாமலே பட்டனை அழுத்தினார்.
பதினெட்டு.
பத்தொன்பது.
முப்பத்தைந்து.
திரையில் மின்னழுத்தக் கோடு எழுந்து, தயங்கி,
முதுகு வளைந்து
படுத்துக்கொண்டது.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு நாள் வலையைத்தான் திட்டினோம்.
கண்ணைச் சிறிதாக்கு, இன்னும் சிறிதாக்கு,
ஏதோ ஒரு துளி தப்பியிருக்கிறது என்று
ஓர்ட்ருன் போனில் கத்தினாள்.
நாலு கோடிக் கண்.
அப்போதும் அது சொன்னது பதினெட்டு.
பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி, பதினெட்டு.

மூன்றாம் நாள் கேன்டீனில்
உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கியபடி
டோர்கெல் கேட்டார்:
"முந்தின ராத்திரி வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினேனே,
அது ஒன்றும் இல்லையே?"
எங்கே, எப்போது, எவ்வளவு தூரம்?
"பதினொரு மணி இருக்கும்.
பனி தள்ளும் வண்டிக்கு வழி விட்டேன்.
பத்து மீட்டர்.
போட்டேன், நகர்த்தினேன், அணைத்தேன்.
ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

ஒரு நிமிஷம்.
நீர் பிறக்க அது போதும்.
தகடு சூடாக அது போதாது,
குளிர்ந்த தகட்டில் எவ்வளவு ஊதினாலும் ஈரம் போகாது.

எங்கள் நூற்றிருபது ஓட்டத்திலும் ஒருவர் இருந்தார்.
அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டி,
நிறுத்தி, தகடு உலரும்வரை பொறுத்து,
பிறகே தூங்கப் போகிறவர்.
யாருக்கும் வழி விட வேண்டியிராதவர்.
அப்படி ஒருவரை யார் எழுதியது?
கோப்பைத் திறந்தேன்.
பதினேழாம் வரி. தொடக்க ஈரம்: மூன்று.
பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள்.
கண்ணைக் குறைத்துக் குறைத்து வீசியிருக்கிறோம்,
மீனில்லாத ஏரியில்.

இரவு, விடுதி அறை.
மூன்றை அழித்துப் பதினொன்று என்று எழுதினேன்.
வேலைக்கு ஒரு பெயர் கேட்டது கணினி.
டோர்கெல்-பத்து என்று கொடுத்தேன்.
வரிசையில் என் இடம்: இருநூற்றுப் பதினான்கு.
எனக்கு முன்னால் யாரோ ஒருவரின் விண்மீன் கூட்டம்,
யாரோ ஒருவரின் இதய வால்வு,
நாளை மறுநாளின் மழை.
ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் நிற்கட்டும்.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கு சுழல்கிறது.
பனி தள்ளும் வண்டி வருகிறது.
எங்கோ ஒரு கார் உறுமி,
கொஞ்சம் நகர்ந்து,
அணைகிறது.