சாவடிக்காரன்

ஜெலுத்தோங், எட்டாம் மாடி. லிப்ட் மறுபடி பழுது.
நாற்காலிக் கைப்பிடிகளில் தொங்கிய தே ஐஸ் பைகள்
சொட்டிக்கொண்டிருக்க,
மாவீரர் நால்வர் நகர வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சாவடியில் ஒருவன், என்றேன்.
வழுக்கை. சளி. நனைந்த பேரேடு.
"பசியாறியாச்சா?" என்றான்.
அவ்வளவுதான் அவனுக்கு நான் எழுதி வைத்திருந்த வசனம்.

பகடை உருட்டவில்லை. உருட்டினால் நிமிர்ந்துவிடுவார்கள்.
அதற்கு முன்பே ஓர் ஓநாயைக் காட்டி
இருந்த சந்தேகத்தையெல்லாம்
அதன்மேல் செலவழிக்க வைத்திருந்தேன்.

பெயர் கேட்டான். சொன்னார்கள்.
லோஷினி தன் சூனியக்காரி வாருணிக்கு
"மூணு சுழி" என்று திருத்தம் வேறு கொடுத்தாள்.
நாற்பதாவது வாரம் அந்த ஏட்டைத்தான் திறப்பான்.
எச்சில் விரலால்
ஒவ்வொரு பெயராய்த் தடவித் தடவி அழிப்பான்.

"பாவம்டா, கூரை ஒழுகுது அவனுக்கு."
சர்வின்!
போன வாரம் அநாதை விடுதியிடமே
காவல் கூலி கறந்த சர்வின்,
தன் ஒரே கம்பளியை அவிழ்த்துக் கொடுத்தான்.
என் குறிப்பில் கம்பளி இல்லை.
மறைப்பட்டைக்குப் பின்னால்
பென்சிலால் சேர்த்துக்கொண்டேன்: கம்பளி, பச்சை.

பதினொன்றரை. ஹுய் லிங் பகடைகளை
பிஸ்கட் டின்னில் கொட்டி மூடினாள்.
இருட்டுப் படியில் இறங்குகிறவர்களை
வாசலில் நின்று எண்ணினேன்.
"பார்த்துப் போங்க" என்றேன்,
கொஞ்சம் சளி கட்டிய குரலில்.

ஐந்தாம் மாடியிலிருந்து சர்வின் கத்தினான்:
"அண்ணே, கம்பளி பத்திரம்!"