தண்டின் நீளம்

எனக்குத் தெரிந்த தூரமெல்லாம் சென்டிமீட்டரில்தான்.
அறுபது, எழுபது என்றால் விமானம்.
ஐம்பதுக்குக் கீழே ஓசூர்ப் பூக்கடை.
கழுத்து வளைந்தது எருக்குழிக்கு.
ஜவளகிரிக்கு இந்தப் பக்கம், பாலித்தீன் கூரைக்கடியில்,
இருட்டு விலகும் முன்பே வெட்டத் தொடங்குவோம்.
நெற்றியில் விளக்கு, கையில் உறை,
உறைக்குள்ளும் எப்படியோ முள்.

வெட்டிய நிமிடத்திலிருந்து பூவுக்கு வயசு ஓடுது என்பார்
சூப்பர்வைசர் ரேவண்ணா.
குளிர் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்.
பெங்களூரிலிருந்து சிங்கப்பூர்
மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
நாலரை மணி நேரம்.
அதற்கு மேல் வரியில்
இங்கிருந்து விமான நிலையம், நூற்றுப் பத்து.
பக்கத்தில் நேரம் இல்லை.
எழுதி, அழித்து, எழுதி
அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது.

"கடலைத் தாண்டுறது ஒண்ணுமேயில்ல,
அத்திப்பள்ளி தாண்டணும்" என்பார் வண்டிக்கார மாரப்பா.
"சில்க் போர்டு தாண்டணும். ஹெப்பால் தாண்டணும்.
மேல போறவனுக்கு ஏது சிக்னல்?"

பிப்ரவரி பத்து.
நாற்பத்திரண்டு பெட்டி.
ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில்
வெட்டிய நேரம்.
பொழுது சாய வண்டி கிளம்பி
கால் மணி ஆகவில்லை, போன்.
"யானை, சார்."
"எத்தனை?"
"ரோட்டுல மூணு. மூங்கிலுக்குள்ள எத்தனையோ.
குட்டி ஒண்ணு இருக்கு."

ராகி அறுத்து, போரும் வைத்து முடித்த பிறகும்
திரும்பிப் போகாத கூட்டம்.
குட்டி தார்ச்சாலையை முகர்ந்துகொண்டே நிற்கிறதாம்.
தாய் அவசரப்படுத்தவில்லையாம்.
ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கும் கூடாது.
குளிர்ப்பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமுகிறது,
அதை நிறுத்தட்டுமா என்று கேட்டார் மாரப்பா.
நிறுத்தினால் பூ விரியும்.
நிறுத்தாவிட்டால்
பெரியது ஒன்று காதை விரித்துத் திரும்பிப் பார்க்கிறதாம்.
ரேவண்ணா சுவர்த்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.
ஒன்பது வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் வேலை.

ஐம்பது நிமிடம்.
பிறகு ஊர்வலம், லாரி, மேம்பாலம்.
சரக்கு வாசல் மூடிப் பத்து நிமிடம் கழித்து
மாரப்பா போய்ச் சேர்ந்தார்.
அவர் தலைக்கு மேலேயே ஏறிப் போனதாம்,
எங்கள் விமானமா வேறா தெரியாது,
இருந்தாலும் திட்டினாராம்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டது கணினி:
நெரிசல், பழுது, மழை, போராட்டம், மற்றவை.
ரேவண்ணா 'மற்றவை'யைத் தொட்டார்.
விவரம் என்ற கட்டத்தில்
"குட்டி" என்று மட்டும் எழுதினார்.

விடியும் முன் மார்க்கெட்டில் கிடைத்த விலைக்குத் தள்ளியது போக
இரண்டு பெட்டி திரும்பி வந்தது.
திறந்தேன். எல்லாம் வாய் பிளந்து விரிந்திருந்தன.
வாசனை இல்லை, அது எப்போதுமே இல்லை.
சும்மா ஒன்றை அளவுகோலில் வைத்தேன்.
இருநூற்று இருபது கிலோமீட்டர் போய்வந்தும்
அதே அறுபது.

சாயங்காலம் அதைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.
முப்பது நிமிட வழி,
போன வாரம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வண்டி நின்ற இடத்தில்
டயர்த் தடத்தின் மேல் லத்தி காய்ந்து கிடந்தது.
அதில், செரிக்காமல், யாருடைய வயலோ, ராகி.
மூங்கில் பக்கம் ஏதோ முறிந்தது.
நான் நின்றேன்.