தேத்தண்ணி குடிக்கிற நாடு

இரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம்.
பிரட்டுக்களத்துச் சுவரில் திரை:
நாலு மா மூட்டையைப் பிரித்து
தவமலர் தைத்தது.
எத்தனை தரம் தோய்த்தும் நீல எழுத்து போகவில்லை.
‘நிகர எடை ஐம்பது கிலோ’ என்பதன் கீழே
பதினொரு பேர் தோளில் கைபோட்டு நின்று
தங்கள் தேசியகீதம் பாடினார்கள்.
நாங்களும் எழும்பி நின்றோம்,
எதற்கென்று தெரியாமல்.

அரையிறுதி.
பச்சைச் சட்டை, கோப்பி விளைகிற நாடு.
சிவப்புச் சட்டை, தேத்தண்ணி குடிக்கிற நாடு.
இப்படிப் பிரித்தவன் சந்திரபோஸ்.
ஸ்டோரில் தூள் சலிக்கிறவன்.
எந்தத் தூள் எந்த ஊருக்குப் போகிறதென்று
லொறிக்காரனிடம் கேட்டுக் கேட்டே
ஓர் உலகப்படம் வைத்திருக்கிறான்.
அதில் கடல் கிடையாது.
பெரிய இலை குடிக்கும் நாடுகள்,
சன்னத்தூள் குடிக்கும் நாடுகள்,
மீதி நாங்கள்.

“நம்ம கொழுந்தக் குடிச்சிட்டு ஓடுறவனுங்க.
நம்ம ஆளுங்கதானே?”
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
அறுபது பேரும் சிவப்பு.
கிங்ஸ்லி மட்டும் பச்சை,
நூறு ரூபாய் பந்தயத்துக்காக.

(என் காம்பராவின் பின்னால்
தானாக முளைத்த ஒரு கோப்பிச் செடி இருக்கிறது.
அதை நான் சொல்லவில்லை.)

நான் பார்த்தது தரையைத்தான்.
சரிவே இல்லாத தரை.
விட்ட இடத்தில் பந்து அப்படியே நிற்கிறது.
எங்கள் பையன்கள் ஓங்கி அடித்தால்
நாலாம் நம்பர் மலை இறங்கி
ஆற்றில் போய்ச் சேரும்.
தேடிப் போனவன் ஏறி வரும்வரை
இரண்டு பக்கத்துக்கும் இடைவேளை.

எழுபதாம் நிமிடம் மூட்டம் இறங்கியது.
முதலில் ஒரு கோல்கம்பம் போனது.
பிறகு நடுவர்.
சர்ச்சில் இரவல் வாங்கிய புரொஜெக்டரின் வெளிச்சம்
திரைவரை போக முடியாமல்
நடுவழியில் பனியிலேயே விழ,
சிவப்புச் சட்டைகள் எங்கள் தலைக்குமேல் ஓடின.
பெருமாயியின் கொண்டைக்குள் ஒருவன் புகுந்து
அந்தப் பக்கமாக வெளியே வந்தான்.
சின்னதுகள் எட்டி எட்டிப் பந்தைப் பிடித்தன.
பிடித்த கையை விரித்தால்
ஈரம்.

எங்கோ பெரிய இரைச்சல்.
ஸ்பீக்கரில் காதை வைத்து
“ஒண்ணுக்கு ஒண்ணு” என்றான் போஸ்.
இனி முப்பது நிமிடம் மேலதிகம்.
“ஓவர்டைம் காசு குடுப்பானுகளா?”
பெருமாயி கேட்கவும் எல்லோரும் சிரித்தோம்.
ஒன்றேகால் கிலோ குறைந்ததால்
இன்று அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்திருந்தது.

பெனால்டிக்கு மட்டும்
மூட்டம் சற்று விலகிக் கொடுத்தது.
சிவப்பின் கடைசி அடி.
பதினேழாம் நம்பர், மீசை சரியாக முளைக்காத பிள்ளை.
பந்தை வைத்தான், எடுத்தான், துடைத்தான், மறுபடி வைத்தான்.
அடித்தது உயரே போய்
ஐம்பது கிலோவுக்கும் மேலே போய்
தகரக் கூரைக்குள் தொலைந்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்து
சட்டையால் முகத்தை மூடினான்.
கேமரா அவனை விடவில்லை.
கிங்ஸ்லி நூறு ரூபாயைக் கேட்கவில்லை.

தவமலர்தான் சொன்னாள்:
“அந்தப் புள்ளைக்கு யாராச்சும்
ஒரு வாய் தேத்தண்ணி குடுங்களேன்.”

கேத்தல் அவள் கையில்தான் இருந்தது.
உள்ளே கழித்துக் கொட்டிய தூள்.
அவன் நாட்டில் அதைக் குடித்திருக்க மாட்டார்கள்.

திரையை அவிழ்த்தோம். நனைந்து கனத்தது.
ஐம்பது கிலோ இருக்கும் என்றான் போஸ்.
இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, தூக்கம்.

ஆறரைக்கு அதே சுவரருகில் பிரட்டு.
கணக்கப்புள்ளை பேர் வாசித்தார்.
தவமலர் கொட்டாவியோடு ஆமென்றாள்.

அதற்கு முன்பு, முகம் கழுவப் போனபோது
கோப்பிச் செடியைப் பார்த்தேன்.
நாலு பழம் சிவந்திருந்தது.
ஒன்றைப் பறித்து மென்றேன்.
இனித்தது.
கொட்டையைத் துப்பிவிட்டு
கூடையை எடுத்துக்கொண்டேன்.