பதின்மூன்றாவது

மட்டையில 'பன்னிரண்டு ஹிட்' எண்டு போட்டிருக்கிறம்.
ஹிட் எண்டால்
கல்லடியில மூண்டு கலியாணம்,
தாண்டவன்வெளி மாதா கோயில் திருநாள்,
ஒருக்கா ஏறாவூரில, பாதியில மழை.

மிச்ச இடத்துக்கு என்ன போடுறதெண்டு
ட்ரெவர் செலர் பழைய கசட்டைச் சுத்தினான்.
புளியந்தீவு, அவன்ர வீட்டுக் கராஜ்,
தொண்ணூற்றேழு ஆனி.
பாட்டுக்கு அடியில ஒரு ஊம் கேட்டுது.
"பாடுமீன் மச்சான்!" எண்டான் நிருத்தன்.
பாடுமீனுமில்லை ஒரு மண்ணுமில்லை,
அம்ப்புக்கு எர்த் இல்லை.
அந்த ஊம் நிண்டால் கரண்ட் போயிற்று.

நிண்டுது.
கிட்டார் செத்துது. பேஸ் செத்துது.
மைக் இழந்த சுதர்சினியின் குரல்
கயிறு அறுந்த வாளி.
பட்டரியில ஓடின ரெக்கோடர் மட்டும்
எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கு.

நான் அடிக்கிறன்.
ட்ரம்ஸுக்கு எதுக்குக் கரண்ட்?
இருட்டுக்குள்ள வேகம் கூடுது, இன்னும் கூடுது.
பயமெண்டு இப்ப விளங்குது,
அப்ப அதுக்குப் பேர் ஸ்டைல்.

மறுகா அவள் கைதட்டத் தொடங்குறாள்.
என்ர தாளத்துக்கில்லை.
ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் பிந்திப் போட்டு
மாட்டைக் கயித்தில இழுக்கிற மாதிரி
என்னை நிப்பாட்டுறாள்.
நிண்டன்.
ஆரோ சிரிக்கிறாங்கள். கிளிக்.

"இதுக்கு என்ன பேர் போட?" எண்டான் ட்ரெவர்.
பேர் போடேல்லை. நேரம்தான் அச்சில கிடக்கு:
நாற்பத்தொரு விநாடி.

டோஹாவில இருந்து சுதர்சினி
பன்னிரண்டையும் விட்டிற்று
அதை மட்டும் கேட்டு எழுதியிருந்தாள்:
"இப்பவும் முந்துறாய்."