பச்சை விளக்கு

டாக்டர் இன்னாசிமுத்துவுக்கு வண்டி ஓட்டிய
இரண்டு வருடத்தில்
அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.
பின்சீட்டில் பென்சில் கீறும் சத்தம்:
சாக்கடை மூடி ஒன்று திருடு போனால்
பழைய இரும்புக் கடையில் அது என்ன விலை,
புதிதுக்கு நாம் என்ன தருகிறோம்.

வின்னிபெக்கில் இருபத்தாறு குளிர்காலம்
பனி வாரும் செலவைப் பாடமாக நடத்தியவர்.
ஜாலான் டத்தோ கெராமாட் நெரிசலில் ஒருநாள் சொன்னார்:
"அங்கே ஆறு தடவை மேயருக்கு ஓட்டுப் போட்டேன், தம்பி.
நான் போட்ட ஆள் ஆறு தடவையும் தோற்றான்.
இங்கே ஒருத்தரும் எனக்குப் போடவில்லை.
கடிதம் வந்தது. மேயர்."
சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன்,
வாய் மட்டும்தான்.

அக்டோபரில் சுங்கை பினாங்கு ஏறி வந்தது.
முழங்கால் தண்ணீரில் இறங்கினார், சப்பாத்தோடு.
மேசைமேல் ஐஸ்பெட்டி, அதன்மேல் அரிசி மூட்டை,
அதற்கும் மேலே ஒரு பூனை.
"எத்தனை அங்குலம்? எத்தனை மணிக்கு?" என்று கேட்டவரிடம்
மரகதவல்லி அக்கா துடைப்பத்தை நீட்டினார்:
"முந்தி வந்தவரும் இதைத்தான் கேட்டார்.
பிடிங்க."

பிடித்தார்.
சேறு தள்ளத் தெரியவில்லை; தள்ளத் தள்ள
வாசல்வழியே திரும்பி வந்தது.

வரும் வழியில் பென்சில் சத்தமே இல்லை.
ஈரக் காலுறையைப் பிழிந்தபடி,
"தேர்தல் என்று ஒன்று இருந்தால்
எனக்குப் போடுவாயா?" என்றார்.

சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஹாரன்.